பத்திரம், கல்வெட்டு, பஞ்சாங்கம்: பழைய ஆண்டுக் குறிகளைப் படித்து இன்றைய ஆண்டுக்கு மாற்றுவது எப்படி?

பழைய பத்திரங்களைப் பட்டியலிடும் வேலைக்குப் புதிதாக வந்த ஒரு தம்பி, வள்ளியூர்ப் பக்கத்துக் கிரயப் பத்திரம் ஒன்றைப் பார்த்து "1918" என்று குறித்து வைத்தார். தாளில் இருந்தது ௲௯௰௮. ஒவ்வொரு குறியையும் ஓர் இலக்கமாக எடுத்துக்கொண்டு 1, 9, 1, 8 என்று படித்துவிட்டார். கிடைத்த எண் பார்ப்பதற்கு ஆங்கில ஆண்டு போலவே இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. உண்மையில் அது கொல்லம் என்ற ஆண்டுமுறையில் 1098, அதாவது ஆங்கில ஆண்டு 1923. வாரிசுச் சிக்கலில் ஐந்து வருஷம் பிசகினால் யார் யாருக்கு விற்றார்கள் என்பதே மாறிப்போகும்.

இந்த வேலையில் கூட்டல் கழித்தல் சுலபம். எதை முதலில் பார்ப்பது, எதை அப்புறம் பார்ப்பது என்ற வரிசையில்தான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். அதனால் கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள்.

## 1. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

அறுபது தமிழ் ஆண்டுகளின் பெயர்ப் பட்டியல், பிரபவ முதல் அட்சய வரை, எண்ணிட்டது. எந்தப் பஞ்சாங்கத்திலும் இருக்கும். ஒரு வெள்ளைத் தாள், ஒரு பென்சில். பேனா வேண்டாம், முதல் விடை பாதி நேரம் மாறும்.

ஆவணத்தின் ஊர் எது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். நெல்லைத் தெற்கிலும் குமரியிலும் கொல்லம் ஆண்டு வரும். பழைய சென்னை மாகாண வருவாய்க் கணக்கில் பசலி வரும். விஜயநகரக் காலக் கல்வெட்டில் சகம் வரும். ஊர் தெரியாமல் வெறும் "1098" என்ற எண்ணை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது.

## 2. எண்ணைத் தொடாதீர்கள், ஆண்டின் பெயரைத் தேடுங்கள்

எண்ணுக்கு முன்னாலும் பின்னாலும் இருக்கும் சொல்லை முதலில் படியுங்கள். எங்கிருந்து எண்ணத் தொடங்கினார்கள் என்பதை அந்தச் சொல்தான் சொல்லும். நீங்கள் அதிகம் சந்திக்கக்கூடியவை இவை.

கி.மு., கி.பி. கிறிஸ்துவுக்கு முன், கிறிஸ்துவுக்குப் பின். "பின்" என்றதும் கிறிஸ்து இறந்த பிறகு என்று நினைப்பவர்கள் ஏராளம். அப்படியானால் அவர் வாழ்ந்த முப்பத்துச் சொச்சம் வருஷத்தை எந்தப் பக்கம் வைப்பது? கணக்கு பிறப்பிலிருந்துதான். ஆங்கிலத்தில் எழுதும் ஏ.டி. என்பது லத்தீன் தொடரின் சுருக்கம். "ஆண்டவரின் ஆண்டில்" என்று பொருள். கி.பி. 525-இல் ரோமில் இருந்த டயோனிசியஸ் எக்சிகுவஸ் என்ற துறவி, ஈஸ்டர் நாளைக் கணிக்கும் அட்டவணைக்காக இதை உருவாக்கினார். அதுவரை அந்த அட்டவணைகள் டயோக்ளீஷியன் பேரரசரின் ஆண்டை வைத்து ஓடின. கிறிஸ்தவர்களைக் கொடுமைப்படுத்திய ஒருவரின் பெயரால் ஆண்டை எண்ணுவானேன் என்று மாற்றினார்.

பொ.ஆ., பொ.ஆ.மு. பொது ஆண்டு, பொது ஆண்டுக்கு முன். சிலர் பொ.ஊ. (பொது ஊழி) என்றும், சிலர் பொ.யு. (பொது யுகம்) என்றும் எழுதுகிறார்கள். எல்லாம் ஒன்றுதான், எண்ணும் அதே எண்தான். கி.மு. 300 என்றால் பொ.ஆ.மு. 300. இதில் எதையாவது கூட்ட வேண்டுமா என்று கேட்காத புதியவரை நான் இன்னும் பார்க்கவில்லை. வேண்டாம். சமயச் சார்பில்லாமல் எழுத விரும்புபவர்கள் பெயரை மட்டும் மாற்றினார்கள், தொடக்கப் புள்ளியைத் தொடவில்லை. இது நேற்று வந்த பழக்கமும் இல்லை. வானியலாளர் கெப்ளர் 1615-லேயே "வழக்கிலுள்ள ஆண்டுமுறை" என்ற பொருளில் லத்தீனில் எழுதியிருக்கிறார்.

சகாப்தம், சாலிவாகன சகம், சகரை யாண்டு. பொ.ஆ. 78-ஐ ஒட்டித் தொடங்குவது. இந்திய அரசின் தேசிய நாட்காட்டியும் சக ஆண்டைத்தான் பயன்படுத்துகிறது. 1957 மார்ச் 22 அன்று சகம் 1879 சைத்திரம் 1 என்று நடைமுறைக்கு வந்தது.

கலி, கலியுகம். பொ.ஆ.மு. 3102-இல் தொடக்கம். எண் நாலாயிரம், ஐயாயிரம் என்று பெரிதாக இருந்தால் பெரும்பாலும் இதுதான்.

கொல்லம். பொ.ஆ. 825-இல் தொடக்கம். பல பத்திரங்களில் "கொல்லம்" என்ற சொல்கூட இருக்காது. வெறுமனே "1098-ம் ஆண்டு" என்று போட்டிருப்பார்கள். ஊரைத் தெரிந்துகொள்ளச் சொன்னது இதனால்தான்.

பசலி. வருவாய்த்துறை ஆண்டு. அடங்கல், கிஸ்தி ரசீது, ஜமாபந்தி எல்லாம் இன்றும் இதில்தான் ஓடுகின்றன.

ஹிஜ்ரி. பொ.ஆ. 622-இல் தொடக்கம். சந்திர ஆண்டு, ஏறத்தாழ 354 நாள்.

திருவள்ளுவர் ஆண்டு (தி.ஆ.). பொ.ஆ.மு. 31-இலிருந்து எண்ணுவது. தமிழக அரசு ஆவணங்களிலும் தமிழ் அமைப்புகளின் அழைப்பிதழ்களிலும் பார்ப்பீர்கள்.

௵ என்ற குறி எந்த முறையின் பெயரும் இல்லை, "வருஷம்" என்ற சொல்லுக்கான சுருக்கம். மாதத்துக்கு ௴, நாளுக்கு ௳. "ருத்ரோத்காரி௵ சித்திரை௴ ௰௳" என்றால் ருத்ரோத்காரி வருஷம் சித்திரை மாதம் 10-ஆம் நாள்.

## 3. இப்போது எண்ணைப் படியுங்கள்

பழைய தமிழ் எண்ணில் இடமதிப்பு கிடையாது. ௰ பத்து, ௱ நூறு, ௲ ஆயிரம். இவற்றுக்கு முன்னால் நிற்கும் எண்ணால் பெருக்க வேண்டும், மிச்சத்தைக் கூட்ட வேண்டும். அந்த ௲௯௰௮-ஐப் பிரித்தால்: ௲ ஆயிரம், ௯௰ தொண்ணூறு, ௮ எட்டு. ஆக 1098.

கையெழுத்தில் ௰ 'ய' போலவும், ௮ 'அ' போலவும், ௭ 'எ' போலவும் இருக்கும். இன்னொரு வேடிக்கை: தாளின் உச்சியில் இருக்கும் பிள்ளையார் சுழியை ௨ என்று படித்து, ஆண்டுக்கு முன்னால் ஒரு இரண்டைச் சேர்த்தவரும் உண்டு. தனியாக நடுவில் மேலே நிற்கும் 'உ' எண் இல்லை.

எண்ணை எழுத்தாலும் எழுதியிருந்தால் ("ஆயிரத்துத் தொண்ணூற்று எட்டு") அதையே நம்புங்கள். எழுத்தில் எழுதும்போது தவறு செய்வது கடினம்.

## 4. கூட்டுவதற்கு முன் மாதத்தைப் பாருங்கள்

ஒவ்வொரு முறையும் வெவ்வேறு மாதத்தில் புத்தாண்டு கொண்டாடுகிறது. நம் ஜனவரி 1 அந்த ஆண்டுகளின் நடுவில் எங்கேயோ வந்து விழும். அதனால் ஒவ்வொன்றுக்கும் கூட்டு எண் ஒன்றில்லை, இரண்டு.

- கொல்லம்: நெல்லை, குமரி வழக்கில் ஆவணி 1-இல் தொடக்கம். அதிலிருந்து டிசம்பர் முடிய 824 கூட்டுங்கள். ஜனவரி முதல் ஆடி முடிய 825.
- பசலி: ஜூலை 1-இல் தொடக்கம். ஜூலை முதல் டிசம்பர் வரை 590. ஜனவரி முதல் ஜூன் வரை 591.
- சகம் (சென்ற ஆண்டு, அதாவது முடிந்த ஆண்டு; விளக்கம் அடுத்த படியில்): ஆண்டுத் தொடக்கம் முதல் டிசம்பர் வரை 78, ஜனவரியிலிருந்து அந்த ஆண்டு முடியும் வரை 79.
- கலி (சென்ற ஆண்டு): 3101 கழியுங்கள், ஜனவரியிலிருந்து ஆண்டு முடியும் வரை 3100.
- திருவள்ளுவர் ஆண்டு: 31 கழியுங்கள், தை பிறப்பதற்கு முந்தைய ஜனவரி நாட்களுக்கு 30.

நம் பத்திரத்துக்கே வருவோம். கொல்லம் 1098, சித்திரை. சித்திரை என்பது ஏப்ரல்–மே, அதாவது ஜனவரிக்கு அந்தப் பக்கம். எனவே 825. 1098 + 825 = 1923. மாதத்தைப் பாராமல் 824 கூட்டியிருந்தால் 1922 வந்திருக்கும். அது தவறு என்று எப்படித் தெரியும் என்பதை எட்டாம் படியில் காட்டுகிறேன்.

பசலி பற்றி ஒரு வார்த்தை. ஹிஜ்ரியும் பசலியும் ஒன்றென்று பலர் நினைக்கிறார்கள், எண்கள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால். பசலி ஹிஜ்ரியிலிருந்து பிரிந்ததுதான். அறுவடையோடு ஒட்டி வரி வாங்கச் சந்திர ஆண்டு ஒத்துவராது. வருஷத்துக்குப் பதினொரு நாள் நழுவிக்கொண்டே போகும். அதனால் முகலாயர்கள் ஹிஜ்ரி எண்ணை எடுத்துச் சூரிய ஆண்டில் ஓடவிட்டார்கள். தக்காணத்தில் ஷாஜகான் காலத்தில், 1636-இல், ஹிஜ்ரி 1046-ஆக இருந்தபோது பிரித்தார்கள். 1636-இல் 1046 போனால் 590. நம் கூட்டு எண் வந்த வழி அது. வடக்கே அக்பர் காலத்திலேயே பிரிந்துவிட்டதால் அங்கே பசலிக்கு வேறு கூட்டு எண். இங்கேயும் ஜூலை 1 தொடக்கம் என்பது 1855-இல் வந்தது. அதற்கு முந்தைய ஆவணங்களில் ஜூலை முதல் இரண்டு வாரத்தைச் சந்தேகத்தோடு பாருங்கள்.

ஹிஜ்ரிக்கு நேர்க்கூட்டல் செல்லாது. எண்ணை 0.97-ஆல் பெருக்கி 622 கூட்டினால் ஏறத்தாழ வரும். 1046-க்குப் போட்டுப் பாருங்கள், 1636 வரும். துல்லியமான நாள் வேண்டுமென்றால் அட்டவணை பார்ப்பதுதான் வழி.

## 5. சென்ற ஆண்டா, நடப்பு ஆண்டா?

இதில்தான் அனுபவசாலிகளும் சறுக்குவார்கள். நமக்கு வயது சொல்லும்போது நிறைந்த ஆண்டைச் சொல்கிறோம்: "இருபத்தைந்து முடிந்தது." சிலர் "இருபத்தாறு நடக்கிறது" என்பார்கள். ஆள் ஒருவரே. சகமும் கலியும் இப்படி இரண்டு விதமாகவும் எழுதப்பட்டன.

விஜயநகரக் காலக் கல்வெட்டுகளில் "சகாப்தம் 1435-இன் மேல் செல்லாநின்ற ஸ்ரீமுக வருஷத்து" என்ற தினுசில் வாசகம் இருக்கும். 1435 முடிந்து, அதன் மேல் ஓடிக்கொண்டிருக்கிற வருஷம் என்று அர்த்தம். எனவே சென்ற ஆண்டு: 1435 + 78 = 1513. "மேல் செல்லாநின்ற" என்ற தொடரைக் கண்டால் நிம்மதி.

இன்னொரு பக்கம் பாருங்கள். பழைய தென்னாற்காட்டில் கிராமம் என்றே பெயர் கொண்ட ஊரில் முதலாம் பராந்தக சோழனின் 36-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. கலி 4044 என்று ஆண்டையும், 14,77,037 என்று கலி நாளையும் சேர்த்தே கொடுக்கிறது. நாளை எண்ணிப் பார்த்தால் 943 ஜனவரி 14, சனிக்கிழமை. 4044-ஐச் சென்ற ஆண்டாக எடுத்து, ஜனவரி என்பதால் 3100 கழித்தால் 944 வந்துவிடும், ஓர் ஆண்டு கூடுதல். எனவே இங்கே 4044 நடப்பு ஆண்டு, சென்றது 4043. நாள் எண்ணிக்கை கொடுக்கப்பட்டிருந்தால் ஆண்டைவிட அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

இதே கல்வெட்டிலிருந்து இன்னொரு எச்சரிக்கை. ஜனவரி 14 என்றதும் தைப்பொங்கல் என்று எழுதிவிடாதீர்கள். அந்தக் காலத்தில் தை முதல் நாள் டிசம்பர் 22-ஐ ஒட்டி வந்தது, சித்திரை முதல் நாள் மார்ச் கடைசியில். இன்றைய ஏப்ரல் 14-ஐப் பத்தாம் நூற்றாண்டுக்குக் கொண்டுபோனால் மூன்று வாரம் தள்ளி நிற்பீர்கள்.

## 6. ஆட்சியாண்டு மட்டும் இருந்தால்

பெரும்பாலான சோழர் கல்வெட்டுகளில் சகமும் இல்லை, கலியும் இல்லை. "ஸ்ரீராஜராஜ தேவர்க்கு யாண்டு 25 ஆவது" என்றுதான் இருக்கும். முடியேறிய ஆண்டோடு எண்ணைக் கூட்டி ஒன்றைக் கழியுங்கள். முடியேறிய வருஷமே முதலாம் ஆண்டு என்பதுதான் காரணம்.

முதலாம் ராஜராஜன் 985-ஆம் ஆண்டின் நடுவில் முடியேறினான். 25-ஆம் ஆண்டு என்றால் 985 + 24, 1009 நடுவில் தொடங்குவது. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்துக்குக் கலசம் கொடுத்தது 25-ஆம் ஆண்டு 275-ஆம் நாள். ஒன்பது மாதம் தள்ளினால் 1010. நாள் எண்ணைக் கவனிக்காதவர்கள் 985-உடன் 25-ஐ அப்படியே கூட்டி 1010 என்று சரியான விடையைத் தவறான வழியில் அடைவார்கள். அடுத்த கல்வெட்டில் மாட்டிக்கொள்வார்கள்.

பாண்டியர் கல்வெட்டில் "யாண்டு இரண்டாவதின் எதிர் ஐந்தாவது" என்று வரும். இரண்டையும் கூட்டுங்கள்: ஏழாவது.

## 7. கி.மு.வைத் தாண்டும்போது ஒன்றைக் கழியுங்கள்

கி.மு. 1-க்கு அடுத்த ஆண்டு கி.பி. 1. நடுவில் சுழிய ஆண்டு இல்லை; டயோனிசியஸின் எண்முறையில் சுழியத்துக்கு இடமே இல்லை. எனவே கோட்டைத் தாண்டி எண்ணினால் இரண்டையும் கூட்டி ஒன்றைக் கழிக்க வேண்டும். சிவகளைத் தாழியில் கிடைத்த நெல்லுக்கு 2021-இல் கி.மு. 1155 என்று காலம் அறிவித்தார்கள். அந்த ஆண்டுக் கணக்குக்கு 1155 + 2021 − 1 = 3175 ஆண்டுப் பழமை. 3200 என்று செய்திகளில் வந்தது முழு எண்ணாக்கிச் சொன்னது.

நூற்றாண்டும் இதே கதைதான். கி.பி. ஏழாம் நூற்றாண்டு என்பது 601 முதல் 700. கி.மு. மூன்றாம் நூற்றாண்டு என்பது 300 முதல் 201; கி.மு.வில் எண் இறங்கிக்கொண்டே வரும் என்பதை மறந்து "கி.மு. 250 முதல் 280 வரை ஆண்டான்" என்று எழுதுகிறவர்கள் உண்டு.

பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுச்சேரி, சென்னை ஆவணங்களோடு புழங்குபவர்களுக்கு மட்டும் இன்னொன்று. 1752 வரை ஆங்கிலேயர் பழைய ஜூலியன் நாட்காட்டியில் இருந்தார்கள், பிரெஞ்சுக்காரர்கள் புதிய கிரிகோரியனில். 1746-இல் பிரெஞ்சுப் படை சென்னையைப் பிடித்த நாள் ஆங்கிலேயர் குறிப்பில் செப்டம்பர் 10, பிரெஞ்சுக் குறிப்பில் செப்டம்பர் 21. இரண்டும் ஒரே நாள்.

## 8. ஒட்டுச் சோதனை: அறுபதின் மீதி

விடை கிடைத்ததும் அதை இரண்டாவது சாட்சியோடு மோதவிடுங்கள். தமிழ் ஆவணங்களில் அந்தச் சாட்சி பெரும்பாலும் அறுபது வருஷப் பெயர். கணக்கு எளிது: சித்திரை பிறந்த ஆங்கில ஆண்டிலிருந்து 6 கழித்து, 60-ஆல் வகுங்கள். மீதிதான் பட்டியலில் அந்த வருஷத்தின் எண். மீதி இல்லையென்றால் அறுபதாவது, அட்சய.

1923 − 6 = 1917. அறுபதால் வகுத்தால் மீதி 57. ஐம்பத்தேழாவது ருத்ரோத்காரி. பத்திரத்திலும் ருத்ரோத்காரி என்றே இருந்தது. 1922 என்று எடுத்திருந்தால் 56, துந்துபி, ஒட்டவில்லை. தம்பியின் 1918-க்கு 52, காளயுக்தி. எழுதிய அன்றே இந்த ஒரு வகுத்தலைப் போட்டிருந்தால் மாட்டியிருக்கும்.

முன்னால் பார்த்த 1513-க்கும் போடுங்கள். 1507-இல் மீதி 7, ஸ்ரீமுக. சரி.

தை, மாசி, பங்குனி ஆவணம் என்றால் முந்தைய ஆங்கில ஆண்டை வைத்தே வகுக்க வேண்டும், வருஷப் பெயர் சித்திரையில்தான் மாறுகிறது. வியாழன் கோளின் ஓட்டத்தை வைத்து எண்ணும் வடநாட்டு வியாழ வட்டத்தில் இதே பெயர்கள் வேறு ஆண்டுகளில் வரும். இந்த வகுத்தலை அங்கே கொண்டுபோகாதீர்கள். பெயர் மட்டும் இருந்து எண் இல்லாவிட்டால் 1863, 1923, 1983 மூன்றும் ருத்ரோத்காரிதான். முத்திரைத்தாளையும் ஆட்களின் பெயர்களையும் வைத்துத்தான் தேர்ந்தெடுக்க முடியும்.

இரண்டு ஆண்டுமுறைகள் ஒரே இடத்தில் கிடைத்தால் அதைவிட நல்லது. கர்நாடகத்தின் ஐஹோளே மேகுடிக் கோயிலில் இரண்டாம் புலிகேசியைப் பற்றி ரவிகீர்த்தி எழுதிய கல்வெட்டு, பாரதப் போர் முடிந்து 3735 ஆண்டு என்றும் சகம் 556 என்றும் சொல்கிறது. பாரதப் போரைக் கலியின் தொடக்கமாக எடுத்த கணக்கு இது, எனவே 3735 − 3101 = 634. 556 + 78 = 634. பயிற்சிக்கு வருபவர்களுக்கு முதலில் இதைத்தான் கொடுப்பேன். இரண்டு வழியிலும் ஒரே எண் வரும்போது முகம் மலரும்.

## 9. எழுதி வைக்கும்போது

மூலத்தில் இருந்ததை அப்படியே முதலில் எழுதுங்கள், மாற்றிய ஆண்டை அப்புறம். மாற்றிய எண்ணை மட்டும் எழுதி வைத்தால், நாளை யாராவது தவறு என்று சந்தேகப்பட்டாலும் திரும்பிப் போக வழி இருக்காது.

மாதம் தெரியாவிட்டால் ஒற்றை ஆண்டு கொடுக்காதீர்கள். பசலி 1332 என்றால் 1922–23. இரண்டில் ஒன்றை ஊகித்து எழுதுவதில் லாபம் எதுவும் இல்லை.

கி.பி.யா பொ.ஆ.வா என்பது உங்கள் விருப்பம். ஒரே பட்டியலில் இரண்டையும் கலக்காதீர்கள். தமிழில் சுருக்கம் எண்ணுக்கு முன்னால் வரும்: கி.மு. 300, பொ.ஆ.மு. 300. ஆங்கிலத்தைப் பார்த்து "300 பொ.ஆ.மு." என்று எழுதினால் அந்த 300 முந்தைய சொல்லோடு ஒட்டிக்கொண்டு குழப்பும். ஆயிரத்துக்கு மேற்பட்ட சாதாரண ஆண்டுகளுக்குச் சுருக்கமே தேவையில்லை, பக்கத்தில் வேறு ஆண்டுமுறை இல்லாதவரை.

அந்தப் பத்திரம் இப்போது பட்டியலில் இப்படி இருக்கிறது: "கொல்லம் 1098, ருத்ரோத்காரி, சித்திரை 10, பொ.ஆ. 1923 ஏப்ரல்." முதல் பாதி பேனாவில், இரண்டாம் பாதி பென்சிலில்.